ஜெர்மானியர் இத்தாலியரைவிட ஏழைகளா? நாடுகளின் சராசரிச் சொத்துப் பட்டியலைப் படிப்பது எப்படி

கேள்வி: "தனிநபர் சராசரி நிதிச் சொத்து என்று நாடுவாரியாக வரும் பட்டியல்களைப் பார்த்தேன். ஒன்றில் அமெரிக்கா முதலிடம், இன்னொன்றில் முதல் பத்திலேயே இல்லை. ஒரு கணக்கில் ஜெர்மனி இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பின்னால் நிற்கிறது. இதில் எதை நம்புவது? இந்தியா எங்கே நிற்கிறது?"

எல்லாப் பட்டியலும் ஏறத்தாழ சரிதான். ஆனால் ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு வசதியாக வாழ்கிறார்கள் என்பது அவற்றில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி, அந்த மக்கள் முதுமைக்கும் ஆபத்துக்கும் வைத்திருக்கும் காப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது. அது தன் பெயரில் உள்ள கணக்கில் இருக்கலாம், வீட்டில் இருக்கலாம், நகையில் இருக்கலாம், அரசாங்கம் கொடுத்த வாக்கில் இருக்கலாம். முதல் வகையை எல்லாப் பட்டியலும் எண்ணும். கடைசி வகையை எதுவுமே எண்ணாது. வீடும் நகையும் பட்டியலைப் பொறுத்தது. குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பட்டியல்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருபவை. ஒன்று முன்பு கிரெடிட் சுவிஸ் வங்கி வெளியிட்டது. 2023-ல் அந்த வங்கியை யூபிஎஸ் வாங்கியதிலிருந்து யூபிஎஸ் வெளியிடுகிறது. இதில் வங்கிப் பணம், பங்கு, பென்ஷன் நிதி எல்லாவற்றோடு வீடு, நிலத்தையும் கூட்டி, கடனைக் கழித்து, வயது வந்தோர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். மற்றொன்று ஜெர்மன் காப்பீட்டு நிறுவனமான அலையன்ஸ் ஆண்டுதோறும் வெளியிடுவது. அதில் நிதிச் சொத்து மட்டும்தான், அதாவது டெபாசிட், பங்கு, கடன் பத்திரம், காப்பீடு, பென்ஷன் நிதி. வீட்டுக்கு அங்கே இடமில்லை. வகுப்பதும் குழந்தைகள் உட்பட மொத்த மக்கள்தொகையால். இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் தலை சுற்றத்தான் செய்யும்.

ஜெர்மனி கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த விஷயத்தின் எல்லா முடிச்சும் அதில் இருக்கிறது.

2013 ஏப்ரலில் ஐரோப்பிய மத்திய வங்கி, யூரோ நாடுகளில் வீடு வீடாகப் போய் எடுத்த சொத்துக் கணக்கெடுப்பை முதல்முறையாக வெளியிட்டது. குடும்பங்களைச் சொத்து வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து ஜெர்மனியில் 51,400 யூரோ. கிரீஸில் 1,01,900. இத்தாலியில் 1,73,500. ஸ்பெயினில் 1,82,700. சைப்ரஸில் 2,66,900. கணக்கில் வந்த நாடுகளிலேயே கடைசி இடம் ஜெர்மனிக்கு.

நேரம் இதைவிட மோசமாக இருந்திருக்க முடியாது. அதற்கு முந்தைய மாதம்தான் சைப்ரஸின் வங்கிகள் சரிந்து, ஏறக்குறைய இரண்டு வாரம் கதவடைத்திருந்தன. அந்த நாட்டைத் தூக்கி நிறுத்த மற்ற யூரோ நாடுகள் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தன. அதில் பெரிய பங்கு ஜெர்மனியுடையது. "ஏழை ஜெர்மானியர் பணக்கார சைப்ரஸ்காரருக்குக் கடன் கொடுப்பதா?" என்று ஜெர்மன் பத்திரிகைகள் கொதித்தன. கோபம் நியாயம்தான் என்று தோன்றும். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அது நிற்காது.

முதலில் வீடு. அந்தக் கணக்கெடுப்பில் சொந்த வீட்டில் இருந்த ஜெர்மன் குடும்பங்கள் 44 சதவீதம். ஸ்பெயினில் 83 சதவீதம். போருக்குப் பிறகு தரைமட்டமாகிக் கிடந்த நகரங்களில் ஜெர்மன் அரசு பெருமளவில் வாடகைக் குடியிருப்புகளைக் கட்ட உதவியது. வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாதபடி சட்டமும் பலமாக அமைந்தது. அதனால் நல்ல சம்பளம் வாங்கும் ஒருவர் ஆயுள் முழுக்க வாடகை வீட்டில் நிம்மதியாக இருப்பது அங்கே சாதாரணம். கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் ஏராளமான வீடுகள் அரசின் கையில் இருந்தன. 1990-ல் நாடு ஒன்றானபோது அந்த மக்கள் கையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. வரிசையின் நடுவில் நிற்பவர் ஜெர்மனியில் வாடகைதாரர், ஸ்பெயினில் வீட்டுச் சொந்தக்காரர். நடு எண் இப்படி விலகி நிற்பதில் ஆச்சரியம் இல்லை. சராசரியை எடுத்துப் பாருங்கள்: ஜெர்மனியில் 1,95,200 யூரோ. கிரீஸின் சராசரியைவிட அது அதிகம்.

அடுத்தது காலம். ஸ்பெயினில் கணக்கெடுத்தது 2008-09-ல், வீட்டு விலை இன்னும் உச்சத்தை ஒட்டி இருந்தபோது. அறிக்கை அச்சேறுவதற்குள் அந்த விலை பலமாக இறங்கிவிட்டது. குடும்பத்தின் அளவும் வேறு. சைப்ரஸ் குடும்பத்தில் சராசரியாக 2.76 பேர், ஜெர்மன் குடும்பத்தில் 2.04 பேர். தனியாக வாழும் முதியவரும் ஒரு குடும்பம், மூன்று தலைமுறை சேர்ந்து இருப்பதும் ஒரு குடும்பம் என்று எண்ணினால் இரண்டாவதுதான் பணக்காரராகத் தெரியும்.

என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பென்ஷன். ஜெர்மன் அரசு ஓய்வூதியம் இன்று வேலை செய்பவர் கட்டும் பணத்தை இன்று ஓய்வில் இருப்பவருக்குக் கொடுக்கும் முறை. சம்பளத்தில் 18.6 சதவீதம் போகிறது, தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. ஆனால் யார் பெயரிலும் இருப்பு என்று ஒன்று சேர்வதில்லை. மாதம் 1,500 யூரோ வீதம் இருபது வருடம் பென்ஷன் வாங்கப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,60,000 யூரோ வரும். அதே வருமானம் வேண்டுமென்றால் பென்ஷன் இல்லாத ஒருவர் அதற்கு ஈடான தொகையைக் கையில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சேர்த்தவரைப் பட்டியல் பணக்காரர் என்று எழுதும். ஜெர்மானியரின் பென்ஷனுக்கு நேரே பூஜ்யம் போடும்.

நம் ஊரிலேயே இதற்கு அச்சு அசலான உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்கு முன் அரசு வேலையில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அதற்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அந்தத் திட்டத்தில் அவர்கள் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தார்கள், அரசும் அதே அளவு போட்டது, கணக்கில் ஒரு தொகை ஏறிக்கொண்டே போனது. 2002-ல் சேர்ந்த ஆசிரியையையும் 2004-ல் சேர்ந்த ஆசிரியையையும் புள்ளிவிவரக்காரர் பார்த்தால் இரண்டாமவரிடம்தான் நிதிச் சொத்து அதிகம் என்பார். முதல் ஆசிரியையிடம் கணக்கு இருப்பு எதுவும் இல்லை. ஆனால் இவர்களில் யார் நிம்மதியாகத் தூங்குவார் என்று எந்த ஆசிரியர் ஓய்வறையில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். பழைய திட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இத்தனை வருடம் அவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதே அதற்காகத்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பட்டியலின் மேல்வரிசையைப் பாருங்கள். கட்டாயச் சேமிப்பைத் தனிக் கணக்கிலோ பென்ஷன் நிதியிலோ போடச் சொல்லும் நாடுகள் அங்கே நிறைய நிற்கும். ஆஸ்திரேலியாவில் 1992 முதல் முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓய்வுக்கால நிதியில் கட்டியாக வேண்டும். இப்போது அது சம்பளத்தில் 12 சதவீதம். சுவிட்சர்லாந்தில் 1985 முதல் நிறுவனப் பென்ஷன் கட்டாயம். நெதர்லாந்தின் பென்ஷன் நிதிகளில் 1.5 லட்சம் கோடி யூரோவுக்கு மேல் இருக்கிறது. 1.8 கோடி மக்களால் வகுத்தால் தலைக்கு 80,000 யூரோவைத் தாண்டும், நேற்றுப் பிறந்த குழந்தையையும் சேர்த்து. அந்தப் பணத்தில் ஒரு யூரோவைக்கூட நாற்பது வயது டச்சுக்காரர் நினைத்தபோது எடுக்க முடியாது. சிங்கப்பூரில் உறவினர் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு சிபிஎஃப், அதாவது அந்த நாட்டின் கட்டாய சேமநிதி, பழக்கமான சொல். 55 வயது வரை தொழிலாளி 20, முதலாளி 17 என்று சம்பளத்தில் 37 சதவீதம் அதில் போகிறது. அதிலிருந்துதான் அரசுக் குடியிருப்புக்கான தவணையும் கட்டுகிறார்கள். சிங்கப்பூர் மக்களின் நிதிச் சொத்து ஆசியாவிலேயே மேல்வரிசையில் இருப்பதற்கு இந்தச் சட்டம் பெரிய காரணம்.

இதற்கு நேர்மாறானது நார்வே. கடலடி எண்ணெயில் வந்த வருமானத்தை அந்த நாடு ஒரு நிதியில் போட்டு உலகெங்கும் பெரும்பாலும் பங்குகளாக வைத்திருக்கிறது. 2024 இறுதியில் அதன் மதிப்பு ஏறக்குறைய 20 லட்சம் கோடி குரோனர். 56 லட்சம் மக்களுக்கும் பங்கிட்டால் தலைக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் வரும். ஆனால் அது அரசின் பெயரில் இருப்பதால் எந்த நார்வேக்காரரின் கணக்கிலும் வராது. அவருடைய வீட்டுக் கடன் மட்டும் தவறாமல் வரும். நிகர நிதிச் சொத்தில் நார்வே சுமாரான இடத்தில் நிற்பதைப் பார்த்து யாராவது அவர்களுக்காக இரக்கப்பட்டால் அது வீண்.

வீட்டுக் கடன் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று, "நிகர நிதிச் சொத்து" என்ற எண்ணிலேயே ஒரு கோணல் இருக்கிறது. கடனைக் கழிப்பார்கள், அந்தக் கடனில் வாங்கிய வீட்டைச் சேர்க்க மாட்டார்கள். திருச்சியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 60 லட்சம் பெறும் வீடு. 30 லட்சம் பெறும் நகை. பி.எஃப். 8 லட்சம், ஃபிக்ஸட் டெபாசிட் 4 லட்சம், எல்.ஐ.சி. 2 லட்சம். வீட்டுக் கடன் பாக்கி 25 லட்சம், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த நகைக்கடன் 3 லட்சம். மொத்தச் சொத்துக் கணக்கில் இவர்களிடம் 104 லட்சம், கடன் 28 லட்சம், நிகரம் 76 லட்சம். நிதிச் சொத்துக் கணக்கில் 14 லட்சத்திலிருந்து 28 லட்சத்தைக் கழித்து, மைனஸ் 14 லட்சம். பெட்டகத்தில் இருக்கும் நகை சொத்தாக எண்ணப்படவில்லை, அதன் மேல் வாங்கிய கடன் மட்டும் எண்ணப்படுகிறது. மாதாமாதம் கட்டும் சீட்டும், மைத்துனருக்குக் கொடுத்த கைமாற்றும் எந்தக் கணக்கிலும் ஏறாது. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவர், கடன் எதுவும் இல்லாமல் 5 லட்சம் டெபாசிட் வைத்திருந்தால், இந்தப் பட்டியலின்படி அவர்தான் பணக்காரர். டென்மார்க், நெதர்லாந்து, நார்வே மக்களுக்கும் இதே கோணல் பொருந்தும். வருமானத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே அதிகமான வீட்டுக் கடன் வைத்திருப்பவர்களில் அவர்களும் உண்டு.

சராசரிக்கும் நடு எண்ணுக்கும் உள்ள இடைவெளி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. யூபிஎஸ் கணக்குப்படி 2024-ல் அமெரிக்காவில் வயது வந்தோரின் சராசரிச் சொத்து சுமார் 6,20,000 டாலர். வரிசையின் நடுவில் நிற்பவரிடம் இருப்பது சுமார் 1,24,000. ஐந்தில் ஒரு பங்கு. பெல்ஜியத்தில் நடுவில் நிற்பவரிடம் அதைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறது. உங்கள் கேள்வியில் அமெரிக்கா ஒரு பட்டியலில் முதலிடத்திலும் இன்னொன்றில் கீழேயும் இருந்ததற்குக் காரணம் இதுதான். வீட்டையும் சேர்த்துப் பார்க்கும் யூபிஎஸ் சராசரியில் முதலிடம் பிடிக்கும் சுவிட்சர்லாந்திலும் கதை அதேதான்: சராசரி 6,87,000, நடுவில் நிற்பவரிடம் 1,82,000. நிதிச் சொத்தை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் விரியும், ஏனென்றால் வீடு கொஞ்சம் பரவலாக இருக்கும், பங்குகள் அப்படி இல்லை. அமெரிக்கக் குடும்பங்களிடம் உள்ள பங்குகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மேல்தட்டு 10 சதவீதத்திடம் இருக்கிறது. "பங்குச் சந்தை ஏறியதால் அமெரிக்கரின் சராசரிச் சொத்து உயர்ந்தது" என்று செய்தி வந்தால், யாருடைய சொத்து என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள். அந்த நாட்டில் அதிகம் சேர்த்து வைக்க வேண்டிய நிர்ப்பந்தமும் அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது. பிள்ளையின் கல்லூரிச் செலவும் மருத்துவச் செலவும் டென்மார்க்கில் வரிப்பணத்தில் போகும். அமெரிக்கர் தன் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும்.

பெரும் பணக்காரர்களின் சொத்து எப்படிக் கணக்கில் வருகிறது என்பது தனித் தலைவலி. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பில் அவர்கள் கதவு திறக்காது. அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கணக்கெடுப்பு வரி ஆவணங்களின் உதவியோடு வசதியானவர்களைத் தேடிப் பிடிக்கிறது. அதிலும் ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் பெரும் பணக்காரர் பட்டியலில் உள்ள 400 பேரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் எல்லா மாநிலமும் செல்வ வரி, அதாவது ஒருவரின் மொத்த நிகரச் சொத்தின் மீதான வரி, வாங்குவதால் அங்கே பதிவேடு இருக்கிறது. ஜெர்மனி 1997-லிருந்து செல்வ வரி வாங்குவதை நிறுத்திவிட்டது. இந்தியா வாரிசுச் சொத்து வரியை 1985-லும் செல்வ வரியை 2015-லும் எடுத்துவிட்டது. வரி போனதோடு, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அரசு தெரிந்துகொள்ளும் வழியும் போனது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. இதற்கு மேல், வரி குறைவாக இருப்பதால் பணத்தைக் கொண்டுபோய் மறைத்து வைக்கும் நாடுகளான வரிப்புகலிடங்கள் வேறு. உலகக் குடும்பங்களின் நிதிச் சொத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் அங்கே இருக்கிறது என்பது பொருளியலாளர் கேப்ரியல் சுக்மனின் மதிப்பீடு.

இன்னொன்று நாணய மாற்று. பட்டியல்கள் டாலரிலோ யூரோவிலோ வருகின்றன. ஜப்பானியக் குடும்பங்களின் நிதிச் சொத்து 2012 இறுதியில் ஏறக்குறைய 1,550 லட்சம் கோடி யென். 2024 இறுதியில் 2,200 லட்சம் கோடி யென்னுக்கு மேல். நாற்பது சதவீத வளர்ச்சி. ஆனால் அதே காலத்தில் ஒரு டாலருக்கு 86 யென் என்பது 157 ஆகிவிட்டது. டாலரில் பார்த்தால் 18 லட்சம் கோடியிலிருந்து 14 லட்சம் கோடிக்கு இறங்கிவிட்டது. சேமிப்புப் புத்தகத்தில் எண் கூடியிருந்தும் ஒசாகாவில் இருக்கும் பாட்டி உலகப் பட்டியலில் ஏழையாகிவிட்டார். பணத்தில் பாதி அளவை வட்டியே இல்லாத வங்கிக் கணக்கிலும் ரொக்கமாகவும் வைத்திருப்பது ஜப்பானியரின் நெடுநாள் பழக்கம் என்பதால், பங்குச் சந்தை ஏற்றத்திலும் அமெரிக்கர் அளவுக்கு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாயை ஒட்டி இருந்தது மே மாதத்துக்குள் 360 ஆனது. டாலர் கணக்கில் ஒவ்வொருவர் சேமிப்பும் சில வாரங்களில் பாதிக்கு அருகே வந்துவிட்டது. ஜப்பானியரின் வீழ்ச்சி பெருமளவு காகிதத்தில். இலங்கையருடையது அரிசி, மருந்து, எரிபொருள் எல்லாவற்றிலும் அன்றே தெரிந்தது. ஒரே மாதிரியான இரண்டு எண்களுக்குப் பின்னால் இப்படி வேறு வேறு வாழ்க்கை இருக்கலாம்.

இனி இந்தியா. யூபிஎஸ், கிரெடிட் சுவிஸ் அறிக்கைகளில் வயது வந்த இந்தியரின் சராசரிச் சொத்து சமீப ஆண்டுகளில் 16,000 டாலரை ஒட்டி வந்திருக்கிறது. நடுவில் நிற்பவரிடம் 4,000 டாலர் அளவு. இதில் நாணய மாற்று, பென்ஷன் என்று எத்தனை திருத்தம் செய்தாலும் நாம் ஏழை நாடு என்பது மாறப்போவதில்லை, அதை மழுப்ப வேண்டியதும் இல்லை. ஆனால் நிதிச் சொத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் உள்ளதைவிடவும் ஏழையாகத் தெரிவோம். 2019-ல் நடந்த அகில இந்தியக் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பின்படி கிராமக் குடும்பத்தின் சராசரிச் சொத்து 15.92 லட்சம் ரூபாய், நகரத்தில் 27.17 லட்சம். கிராமத்தில் அதில் 91 சதவீதமும் நகரத்தில் 87 சதவீதமும் நிலமும் கட்டடமும்தான். ரிசர்வ் வங்கி அமைத்த குழு ஒன்று 2017-ல் தங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டது. மனை, வீடு, வீட்டுச் சாமான்கள் 84 சதவீதம், தங்கம் 11 சதவீதம், நிதிச் சொத்து வெறும் 5 சதவீதம். தமிழ்நாட்டில் தங்கத்தின் பங்கு நாட்டின் சராசரியைவிடக் கூடுதல். இதைத் தமிழ்ப் பெண்களுக்குப் புள்ளிவிவரம் காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை.

இது மாறிவருகிறது. மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதாந்திரத் தவணையாக மக்கள் போடும் பணம் 2024 அக்டோபரில் முதல்முறையாக 25,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஒரு பவுன் நகையை விற்று அந்தப் பணத்தை ஒருவர் அப்படி ஃபண்டில் போட்டால் அன்றைக்கே அவருடைய நிதிச் சொத்து கூடுகிறது, மொத்தச் சொத்தில் ஒரு ரூபாய்கூட மாறாவிட்டாலும். அதனால் அடுத்த பத்தாண்டில் "இந்தியரின் நிதிச் சொத்து வேகமாக உயர்கிறது" என்று வரும் தலைப்புகளில், புதிதாகச் சேர்ந்தது எவ்வளவு, பெட்டகத்திலிருந்து கணக்குக்கு இடம் மாறியது எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். மொத்தச் சொத்தின் நடு எண் கூடவே ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் அதற்கு எனக்குத் தெரிந்த எளிய சோதனை.